கை எடுத்தா முடிஞ்சுது

நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க. ஒரு மனுசன் ஒரு விதி எழுதறான். அவன் பேனாவுல, அவன் கையாலயே எழுதறான். முப்பத்திரண்டு வருசங்கழிச்சு அதே விதி அவனையே புடிச்சுக்குது. அதுக்கு நான் பொறுப்பா? இப்பச் சொல்ல வேண்டாம். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

தனபால்னு என் சிநேகிதன். கோபியில மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தான். இப்ப அவனைப் பாத்துட்டுத்தான் வர்றேன். போன ஐப்பசியில வாதம் வந்து வலது பக்கம் போயிருச்சு. கையும் காலும். வாய் போகலைங்க. கொஞ்ச நாளு கொழறுச்சு, அப்பறம் சரியாயிருச்சு. வாய்ல ஒரு கோளாறும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல பாலிடெக்னிக் படிச்சப்ப ஒரே ரூம். உக்கடத்துல பழைய புத்தகக் கடையில ஒரு இங்கிலீசு புத்தகம் கெடச்சுது. மேசை மேல சண்டை போடற வெளையாட்டு. சதுரங்கம் மாதிரி கட்டமெல்லாம் கெடையாதுங்க. மேசையில துணி விரிச்சு, ஆறு, மேடு, ஊருன்னு வெச்சு, பொம்மைச் சிப்பாயிகளை டேப்புல அளந்து நகத்தணும். காலாளுக்கு நாலு இஞ்சு, குதிரைக்கு எட்டு இஞ்சு. தாயக்கட்டை உருட்டித்தான் யாரு செத்தான், யாரு பொழச்சான்னு முடிவு. பொம்மை வாங்க எங்களுக்கு வக்கேது? தனபாலு காலேஜ் பட்டறையிலிருந்து நட்டும் போல்ட்டும் கொண்டாந்தான். நட்டு காலாள். போல்ட்டு குதிரை. பேரிங்கு பீரங்கி. இன்னைக்கு வரைக்கும் அதே நட்டு, அதே போல்ட்டுதான்.

விதியை நாங்களே தமிழ்ல எழுதிக்கிட்டோம், ஒரு நீள நோட்டுல. நாப்பத்தாறு விதி. நான் இங்கிலீசைப் படிச்சுச் சொல்லுவேன், அவன் எழுதுவான். பதினாலாவது விதிக்கு வந்தோம். ஒரு சிப்பாயியோட நகர்வு எப்ப முடியுதுங்கறதப் பத்தி. புத்தகத்துல அதுக்கு முக்காப் பக்கம் வெளக்கம். நான் வரி வரியாப் படிக்கறேன், இவன் கேட்டுட்டே இருந்துட்டு ஒரே வரியில எழுதிட்டான். 'கை எடுத்தா முடிஞ்சுது.' அவ்வளவுதான். இத்தனை சின்னதாவா எழுதறதுன்னு நான் கேட்டேன். "போதுண்டா மோகனு, இதுக்கு மேல என்ன இருக்குது"ன்னான். அவன் எழுதுனதுதாங்க அது. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க.

படிப்பு முடிஞ்சு அவன் கோபிக்குத் திரும்புனதிலிருந்து மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை நான் கோபிக்குப் போயிருவேன். கல்யாணம் ஆச்சு, கொழந்தைங்க ஆச்சு, எனக்கு மூட்டு வலி வந்துச்சு, எதுக்கும் நிக்கலை. காலைல போனா சாயங்காலம் வரைக்கும் சண்டைதான். அவன் சம்சாரம் பூங்கொடி எங்க நடுவுல காப்பி டம்ளரை வெக்க எடம் தேடுவா. ஆத்து மேலயே வெச்சுட்டுப் போயிருவா சில சமயம்.

வாதம் வந்ததுக்கப்பறம் ரெண்டு தடவை போனேனுங்க. சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது தடவை மேசையைக் கட்டிலுக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு வெளையாடுனோம். அவன் இடது கையில ஒரு நட்டை எடுக்கறான். எடுத்துக் கொண்டுபோயி வெக்கறதுக்குள்ள பத்து நிமிசம். வெச்ச கை நடுங்கி நாலு நட்டைத் தட்டிவிட்டுது. சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. என்னால பாக்க முடியலீங்க, உண்மையைச் சொல்றேன். ஒருகாலத்துல மசுரு மாதிரிக் கம்பியை மோட்டாருக்குள்ள சுத்துன கை அது.

அதுக்கப்பறம் எனக்கு வேலை ஜாஸ்தி. நான் ஒரு கம்பெனியில சாப்ட்வேர் சோதிக்கற வேலையில இருக்கறேன், இருபத்தாறு வருசமா. அவன் போன் பண்ணுவான். "ஞாயித்துக்கெழமை வர்றியாடா"ம்பான். நானும் பாக்கறேன்டாம்பேன். ஆனா கைவிட்டுருவேனுங்களா? அவன் வெளையாட்டு நிக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன்.

ஏஜெண்ட்டுன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்லீங்க, இந்த ஏஐ ஏஜெண்ட். ஒரு போனை ஸ்டாண்டுல மாட்டி மேசைக்கு அந்தப் பக்கம், நான் உக்கார்ற எடத்துல வெச்சுட்டேன். அதோட கேமரா மேசையைப் பாக்கும். ஏஜெண்ட்டு தனபால்கிட்டப் பேசும், அவன் பேசுனாக் கேக்கும், "என் குதிரையை மேட்டுப் பக்கம் எட்டு இஞ்சு நகர்த்துங்கள்"ன்னு சொல்லும். பூங்கொடி நகத்தி வெப்பா. பாவம், எதிரிப் படையை அவதான் நடத்துனா.

மொத மாசம் எப்படி இருந்துச்சுங்கறீங்க! இந்த ஏஜெண்ட்டுக்கு விதி தெரியாதுங்க. தெரியாதுன்னும் சொல்லாது. இல்லாததைச் சொல்லும். ஒருநாள் "மழை பெய்வதால் பீரங்கி வெடிக்காது, விதி ஐம்பத்திரண்டு"ன்னு சொல்லிருக்குது. இருக்கறதே நாப்பத்தாறு! தனபாலு என்ன பண்ணிருக்கோணும்? எனக்குப் போன் பண்ணிச் சொல்லிருக்கோணுமில்ல? "அப்படியா கண்ணு, எங்கூர்ல மழையே இல்லையே"ன்னு அதுகிட்டப் பேசிட்டு இருந்திருக்கறான். அவன் கை நழுவி நட்டு விழுந்தா, "பரவாயில்லை, மறுபடியும் வையுங்கள்"ங்குமாம். ஒருநாள் மூணு தடவை மறுபடியும் வெச்சானாம். பூங்கொடி சிரிச்சுட்டே சொல்றா. எனக்கு வயிறு எரிஞ்சுது. அது வெளையாட்டாங்க? கொழந்தைக்குச் சோறூட்டற மாதிரி வெளையாடறதா?

அதுக்குத்தான் விதிப்பெட்டி செஞ்சேன். பெட்டின்னா தகரப் பெட்டி இல்லீங்க, அதுவும் சாப்ட்வேர்தான். நாப்பத்தாறு விதியையும் நோட்டுல இருக்கற மாதிரியே, ஒரு எழுத்து மாத்தாம உள்ள போட்டேன். ஏஜெண்ட்டு சொந்தமா எதுவும் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தா விதிப்பெட்டியைக் கேக்கோணும். பெட்டி விதியை எடுத்துக் குடுக்கும், ஏஜெண்ட்டு அதை அப்படியே படிக்கோணும். ரெண்டு மாசம் உக்காந்து செஞ்சேன், ஞாயித்துக்கெழமை எல்லாம் அதுக்கே போயிருச்சு. யாருக்காக? அவனுக்காக.

போட்ட மொத நாளே வேலை செஞ்சுது. அவன் கை நழுவுச்சு. நட்டு ஆத்துக்குள்ள விழுந்துச்சு. ஏஜெண்ட்டு கேட்டுது, பெட்டி குடுத்துது: 'விதி பதினாலு. கை எடுத்தா முடிஞ்சுது.' ஆத்துக்குள்ள நின்ன சிப்பாயி செத்தான். விதி பதினேழு. கச்சிதம்! நான் ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டு இருந்தேன், எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. முப்பத்திரண்டு வருசத்துக்கு முந்தி அவன் எழுதுன வரிங்க. அதை ஒரு மெஷின் வாசிக்குது.

பத்தொம்பது ஆட்டம் தொடர்ந்து தோத்தான்.

பூங்கொடி போன் பண்ணுனா. "ஏனுங்ணா, அந்தப் பதினாலை மட்டும் எடுத்துட முடியாதுங்களா?" நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஏம்மா, பதினாலை எடுத்தா பதினஞ்சு நிக்காது, முப்பத்தொண்ணு நிக்காது, எல்லாம் ஒண்ணை ஒண்ணு புடிச்சுட்டு நிக்குது. அதுவுமில்லாம, அவனுக்குன்னு ஒரு சலுகை குடுத்தா அது அவனைக் கேவலப்படுத்தறதும்மா, அவனை நான் சரிசமமா நெனைக்கறவன்னு சொன்னேன். அதுக்கு அவ, "நீங்க வந்தா எடுத்து வெச்சுக்கடான்னு சொல்லிருவீங்கல்லங்ணா"ன்னா. நான் வந்து உக்காந்தா அது வேறம்மா, நாங்க பழகுன பழக்கம் வேற, அதையெல்லாம் விதியில எழுத முடியாதுன்னேன். சரிதானுங்களே?

இன்னொண்ணும் சொல்லோணும். விதிப்பெட்டிக்கு ஒரு பதிவேடு இருக்குது. ஏஜெண்ட்டு என்ன கேட்டுது, பெட்டி என்ன குடுத்துது, எல்லாம் அதுல விழும். தெனமும் காலையில பேப்பர் படிக்கற மாதிரி நான் அதைத்தான் படிப்பேன். மொதல்ல எல்லாம் நல்ல கேள்வி. ஆத்தைக் கடக்க எத்தனை இஞ்சு, பீரங்கி மேட்டைத் தாண்டிச் சுடுமா, இப்படி. சித்திரை வாக்குல கேள்வி ஒரு மாதிரியாப் போச்சு. தனபாலு என்ன கேட்டாலும் ஏஜெண்ட்டு பெட்டியைத்தான் கேக்கோணும்னு நான் கட்டி வெச்சிருந்தனுங்களா, அதனால அவன் கேக்கறதெல்லாம் வந்து விழுது.

'எதிராளியை மாத்த விதி இருக்குதா?' இதுக்குப் பெட்டி உடனே குடுத்துருச்சு. விதி ஆறு, ஆட்டம் ஆரம்பிச்ச பின்னாடி எதிராளியை மாத்தக் கூடாது. நல்ல பதில். அடுத்த நாளு, 'பழைய எதிராளி திரும்ப வர்றதுக்கு விதி இருக்குதா?' இதுக்குப் பெட்டி தடுமாறி, செத்த சிப்பாயி திரும்ப வரக் கூடாதுங்கற விதியை எடுத்துக் குடுத்துருச்சு. எனக்கு அவமானமாப் போச்சு. செத்த சிப்பாயிக்கும் எதிராளிக்கும் வித்தியாசம் தெரியாத பெட்டி என்ன பெட்டி! மூணு நாள் லீவு போட்டு அதைச் சரி பண்ணுனேன். பொருத்தமான விதி இல்லைன்னா 'பொருந்தும் விதி இல்லை'ன்னு மரியாதையாச் சொல்ற மாதிரி.

அப்பறம் பாருங்க, அதே கேள்விதான். 'மோகன் எங்க?' பொருந்தும் விதி இல்லை. 'இந்த ஞாயிறு வருவானா?' பொருந்தும் விதி இல்லை. 'அவன்கிட்டச் சொல்றியா கண்ணு?' பொருந்தும் விதி இல்லை. ஒரே நாள்ல பதினோரு தடவை. பெட்டி ஒரு தடவை கூடத் தப்புப் பண்ணலைங்க. ஆனா பதிவேடு குப்பையாப் போச்சு, நல்ல கேள்வி எதுன்னே தெரியலை. அதனால வெளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியெல்லாம் பதிவேட்டுல விழாத மாதிரி ஒரு வடிகட்டி போட்டுட்டேன். அதுக்கப்பறம் பதிவேடு சுத்தமா இருந்துச்சு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? போயிருக்கலாமேன்னுதானே? என் சம்சாரமும் இதையேதான் கேட்டா. கோயமுத்தூருக்கும் கோபிக்கும் என்ன, ரெண்டு மணி நேரம்னு. தூரத்துக்கா நான் போகலை? போனா அந்தக் கையைப் பாக்கோணும். அவன் எடுக்கறதுக்குள்ள நான் எடுத்து வெச்சுருவேன்ங்க, அவனுக்குப் பதிலா நானே வெளையாடிருவேன். அவன் மூஞ்சியைப் பாத்துட்டு அதைப் பண்ண முடியுங்களா? ஏஜெண்ட்டுன்னா பொறுமையா இருக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அது என் தப்பா?

வைகாசி கடைசியில பதிவேடு காலியாயிருச்சு. ஒரு கேள்வியும் இல்லை. வடிகட்டிதான் எல்லாத்தையும் புடிச்சுக்குதோன்னு அதைக் கழட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்லை. சர்வரைப் பாத்தேன், நல்லா ஓடுது. பதினோரு நாள் கழிச்சுத்தான் பூங்கொடிக்குப் போன் பண்ணுனேன். நெட்டு வரலையாம்மான்னு கேட்டேன்.

"நெட்டெல்லாம் வருதுங்ணா. அவருதான் வெளையாடறதில்லை."

"ஏம்மா, ஒடம்புக்கு என்ன?"

"பேசறதும் இல்லைங்ணா. எங்கூடவும் பேசறதில்லை. டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். வாய்ல ஒண்ணுமே இல்லை, அவராப் பேசுனாத்தான்ங்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அன்னைக்கே கெளம்பிருக்கோணும். ஆனா வெறுங்கையோட போயி என்ன பண்றது? பதினாலாவது விதியில ஒரு திருத்தம் பண்ணுனேன். என் கொள்கையையே விட்டுக் குடுத்துட்டு, அவனுக்காகப் பண்ணுனேன். 'பதினாலு ஆ: கை நழுவியதாக நடுவர் கருதினால் மறுபடியும் வைக்கலாம்.' நழுவறதுக்கும் எடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏஜெண்ட்டு கேமராவுல பாத்துக் கண்டுபுடிக்கோணும். லேசுப்பட்ட வேலையா? எங்க வீட்டு மேசையில என் இடது கையால எரநூறு தடவை நட்டைத் தவற விட்டுச் சோதிச்சேன். ஒரு மாசம் ஆயிருச்சு. அதை எடுத்துட்டுத்தான் இன்னைக்குப் போனேன்.

தனபாலு கட்டில்ல தலகாணி வெச்சுச் சாஞ்சு உக்காந்திருந்தான். எளச்சிருந்தான். என்னைப் பாத்தான். மாப்ள, உனக்கு ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கறேன்னேன். பாத்துட்டே இருந்தான். பூங்கொடி மேசையை இழுத்துப் போட்டு, துணி விரிச்சு, நட்டு போல்ட்டெல்லாம் அடுக்குனா. அந்தப் பக்கம் போன் ஸ்டாண்டு இருந்துச்சுங்களா, அதனால நான் செவத்தோரமா ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். பூங்கொடி ஸ்டாண்டைத் தூக்கப் போனா.

"நீங்களே உக்காந்து ஆடுங்களேன்ணா."

"நான் ஆடுனா சோதனை ஆகாதும்மா. ஏஜெண்ட்டு ஆடுனாத்தான் திருத்தம் வேலை செய்யுதான்னு தெரியும்"னேன். அவ ஸ்டாண்டை அப்படியே வெச்சுட்டா.

ஆட்டம் ஆரம்பிச்சுது. தனபாலு இடது கையை நீட்டி ஒரு நட்டு மேல வெச்சான். எனக்கு அவ்வளவு சந்தோசம், ஒரு மாசமாத் தொடாதவன் தொட்டுட்டானில்ல. வெச்ச கையை எடுக்கலை. நடுங்குது, ஆனா எடுக்கலை. ஏஜெண்ட்டு கேட்டுது, "உங்கள் நகர்வு முடிந்ததா?" பதிலில்லை. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் கேட்டுது. பதிலில்லை. மேசையைப் பாக்கலைங்க அவன், செவத்தோரத்துல உக்காந்திருக்கற என்னையத்தான் பாத்துட்டு இருக்கறான். கை நட்டு மேல இருக்குது. ஒரு நகர்வுக்கு இத்தனை நேரம்தான்னு விதியில இல்லீங்க. நாங்க எழுதலை. எங்களுக்கு அது தேவைப்படலை அப்ப.

முக்கா மணி நேரம். முக்கா மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். அவன் கை வேர்த்து நட்டெல்லாம் ஈரமாயிருச்சு. பூங்கொடி கதவைப் புடிச்சுட்டு நிக்கறா. நான் கடிகாரத்தைப் பாத்தேன், ரெண்டு மணி பஸ்ஸை விட்டா அப்பறம் நாலரைக்குத்தான். சோதனையும் நடக்கலை. கை நழுவுனாத்தானே சோதிக்க முடியும்? பாவம், என்ன பண்றோம்னு தெரியாம உக்காந்திருக்கறான்னு நெனச்சுட்டேன். எந்திரிச்சுப் போயி, அவன் கையை மெதுவாப் புடிச்சு, நானே எடுத்து அவன் மடியில வெச்சேன்.

கொஞ்சம் இறுக்கமாத்தான் புடிச்சிருந்தான்.

ஏஜெண்ட்டு உடனே சொல்லுச்சு: "விதி பதினாலின்படி உங்கள் நகர்வு முடிந்தது." தப்புச் சொல்ல முடியாதுங்க. கையை யாரு எடுக்கோணும்னு விதியில இல்லை. அது ஒரு ஓட்டை, போயி அடைக்கோணும். பூங்கொடி வந்து போனை அமத்திட்டு, நட்டையெல்லாம் பொறுக்கி டப்பாவுல போட ஆரம்பிச்சுட்டா. அவ அழுதான்னு நெனைக்கறேன். நான் பையை எடுத்துட்டு, சரி மாப்ள, ஒடம்பைப் பாத்துக்க, நான் வர்றேன்னேன்.

அப்பத்தாங்க பேசுனான்! நாப்பது நாளா வாயைத் தொறக்காதவன், தெளிவா, துளி கொழறல் இல்லாமப் பேசுனான். "போ, மோகனு"ன்னான்.

பூங்கொடி கையில இருந்த டப்பாவை அப்படியே வெச்சுட்டு அவனைப் பாத்தா. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. நான் போனதுனாலதானே பேசுனான்? இத்தனை நாளு டாக்டர் பண்ணாததை நான் பண்ணிருக்கறேனில்ல? 'போயிட்டு வா'ன்னு சொல்லத்தான் வந்திருப்பானுங்க. நாப்பது நாள் பேசாத வாயி, முழுசா வந்திருக்காது. 'போ' வந்துச்சு, மிச்சம் வரலை. அவ்வளவுதான் இருக்கும். வாசல்ல செருப்பைப் போட்டுட்டு ரொம்ப நேரம் நின்னேன், மிச்சமும் வரும்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தப்பவும் அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். அப்படித்தான் இருக்கும், இல்லீங்களா? வேற எப்படி இருக்கும்?

சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டீங்கல்ல, இப்பச் சொல்லுங்க.

என்ன, குன்னத்தூர் வந்துருச்சா? நீங்க இங்கயா எறங்கறீங்க? பையை மறந்துராதீங்க, மேல இருக்குது. ஏனுங்க, ஒரு வார்த்தை...

என்ன சொன்னீங்க? 'வர்றேனுங்க'வா?

பாருங்க. எந்த ஊரு, என்ன பேருன்னு கூட நான் உங்களைக் கேக்கலை. இனி சென்மத்துக்கும் என்னைப் பாக்கப் போறதில்லை. நீங்ககூட 'வர்றேன்'னு சொல்லிட்டுத்தான் எறங்கறீங்க.